ஃபிளாஷ் காலி, ரவுட்டர் இன்னும் ஓடுகிறது: மீட்டவர்கள் சொல்லுங்கள்

ஐஓஎஸ் (சிஸ்கோ ரவுட்டரின் இயங்குதளம்) அழிந்துபோன ரவுட்டரை மீட்டெடுத்தவர்கள் நம்மில் நிறையப் பேர் இருப்பீர்கள். என் அனுபவத்தை முதலில் சொல்கிறேன், உங்களுடையதையும் எழுதுங்கள். நான் பார்த்தவரை ஃபிளாஷ் (அந்தக் கோப்பு இருக்கும் நினைவகம்) அழிந்தது பெரிய விபத்தே இல்லை. அழிந்த பிறகு பதற்றத்தில் ஒருவர் ரீலோட் (ரவுட்டரை அணைத்து மறுபடி தொடங்கும் கட்டளை) கொடுப்பதுதான் விபத்து. புதிதாக இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு இதை யாராவது சொல்லிவைக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக மனதில் இருக்கிறது.

சிஸ்கோ 2800 வரிசை ரவுட்டர்கள் இரண்டு, ஒன்றுக்கு ஒன்று துணையாக ஒரே ரேக்கில் இருந்த கிளை அலுவலகம் அது. ஐஓஎஸ் அப்கிரேடுக்கு எங்கள் குழுவில் இருந்த தம்பி ஒருவனை அனுப்பியிருந்தோம். கெட்டிக்காரன், கன்சோலில் (ரவுட்டருக்கு நேரடியாகக் கட்டளை தட்டும் இடம்) கை வேகம். லேப்டாப்பை டிஎஃப்டிபி (நெட்வொர்க் வழியே கோப்பு அனுப்பும் எளிய முறை) சர்வராக வைத்து காப்பி கட்டளை கொடுத்திருக்கிறான். சர்வர் முகவரி, கோப்பின் பெயர் எல்லாம் வாங்கிக்கொண்ட பிறகு ரவுட்டர் இன்னொன்றும் கேட்கும்: காப்பி செய்யும் முன் ஃபிளாஷை அழிக்கட்டுமா? அங்கே வெறுமனே என்டர் தட்டினால் 'ஆமாம், அழி' என்று பொருள். வேண்டாம் என்றால்தான் மெனக்கெட்டு 'என்' எழுத்தைத் தட்ட வேண்டும். அடுத்ததாக எல்லாக் கோப்பும் போய்விடும், தொடரட்டுமா என்றும் கேட்கும். அதற்கும் என்டர் போதும். முந்தைய கேள்விகளுக்கெல்லாம் என்டர் தட்டியே பழகிய விரல் இந்த இரண்டையும் தாண்டிப் போவது ரொம்பச் சுலபம். திரையில் சின்ன 'இ' எழுத்துகள் வரிசையாக ஓடி முடிந்தன, ஃபிளாஷ் காலி. அதன் பிறகு புதிய கோப்பு இறங்க ஆரம்பித்து, பாதியில் டைம் அவுட்.

போன் வந்தது. "அண்ணா, ஃபிளாஷ்ல ஒண்ணுமே இல்லண்ணா. ஆனா லிங்க் எல்லாம் அப்லதான் இருக்கு. ஒரு தடவ ரீலோட் பண்ணிப் பாக்கவா?"

"டேய், எதையும் தொடாதே. பவர் கேபிள் பக்கம்கூடப் போகாதே. அப்படியே உட்காரு."

அவனுக்குப் புரியாமல் இருந்ததே அதுதான்: ஃபிளாஷ் காலியான பிறகும் ரவுட்டர் எப்படி ஓடுகிறது? ஐஓஎஸ் கோப்பு ஃபிளாஷில் சுருக்கப்பட்ட நிலையில் கிடக்கும். பூட் ஆகும்போது அதை விரித்து ராமில் ஏற்றிக்கொண்டு, அதன் பிறகு ராமிலிருந்தே வேலை செய்யும். பூட் நேரத்தில் திரை முழுக்க ஹாஷ் குறிகள் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள், அந்த விரிக்கும் வேலைதான் அது. ஏற்றி முடித்துவிட்டால் ஃபிளாஷில் கோப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் பாக்கெட்டுகள் போய்வந்துகொண்டுதான் இருக்கும். கான்ஃபிக், அதாவது ரவுட்டரின் அமைப்புகள், இருப்பது வேறு இடத்தில், என்விராம் என்ற தனி நினைவகத்தில். அதுவும் பத்திரம். ஆகவே மின்சாரம் இருக்கும்வரை உங்கள் கையில் இருப்பது முழுசாக வேலை செய்கிற, எல்லாக் கட்டளையும் கேட்கிற ரவுட்டர். ரீலோட் கொடுத்த நொடியில் அது போய்விடும். (பழைய 2500 வரிசையில் ஐஓஎஸ் ஃபிளாஷிலிருந்தே நேரடியாக ஓடும். அங்கே இந்தக் கணக்கு பொருந்தாது.)

முதலில் ஓடிக்கொண்டிருந்த கான்ஃபிகை முழுக்கத் திரையில் ஓடவிட்டு லேப்டாப்பில் சேமிக்கச் சொன்னேன். யுபிஎஸ் சரியாக இருக்கிறதா என்றும் பார்க்கச் சொன்னேன், ஏனென்றால் அந்த நேரத்தில் ஒரு கரண்ட் கட் வந்திருந்தால் பேச்சுக்கே இடமில்லை. அடுத்து ஷோ வெர்ஷன் கட்டளை. அதில் சிஸ்டம் இமேஜ் கோப்பு என்று ஒரு வரி வரும். எந்தக் கோப்பிலிருந்து பூட் ஆனதோ அந்தப் பெயர் அங்கே அப்படியே இருக்கும், கோப்பு அழிந்திருந்தாலும். எந்த வெர்ஷன், எந்த ஃபீச்சர் செட் என்று யாரையும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை. அந்த ஒரு வரியே போதும்.

தம்பியின் லேப்டாப்பில் பழைய இமேஜ் (ஐஓஎஸ் கோப்பு) இல்லை. புதியதோ பாதியில் நின்றது, அந்தக் கோப்பின் மேலேயே எனக்குச் சந்தேகம். அங்கிருந்த இன்டர்நெட் வேகத்தில் வேறொன்றை அனுப்பி முடிக்க நேரமாகும். அப்போதுதான் பக்கத்தில் இருந்த இரண்டாவது ரவுட்டர் ஞாபகம் வந்தது. அதே மாடல், அதே இமேஜ். சிஸ்கோ ரவுட்டரே டிஎஃப்டிபி சர்வராகவும் இருக்கும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. கான்ஃபிக் மோடில் டிஎஃப்டிபி சர்வர் கட்டளையும் ஃபிளாஷில் உள்ள கோப்பின் பெயரும் கொடுத்தால், அந்த ஒரு கோப்பை யார் கேட்டாலும் கொடுக்க ஆரம்பித்துவிடும். இரண்டாவதில் அந்த ஒரு வரியைப் போட்டு, முதலாவதிலிருந்து அதன் முகவரிக்கு காப்பி கொடுக்கச் சொன்னேன். இரண்டும் ஒரே சுவிட்சில்தான் இருந்தன. கோப்பு இறங்குவதைக் காட்டும் ஆச்சரியக்குறிகள் வரிசையாக வர ஆரம்பித்ததும் மறுமுனையில் அவன் பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

இறங்கி முடிந்ததும் உடனே ரீலோட் கொடுக்க விடவில்லை. வெரிஃபை கட்டளையில் எம்டி5 (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்) சேர்த்து இரண்டு ரவுட்டரிலும் ஓட்டி, வந்த எண்ணை எழுத்து எழுத்தாகப் படிக்கச் சொல்லி ஒப்பிட்டோம். அளவு சரியாக இருக்கிறது என்று விட்டுவிடக் கூடாது. அளவு சரியாக இருந்து உள்ளே கெட்டுப்போன இமேஜை நான் பார்த்திருக்கிறேன். எந்த இமேஜிலிருந்து எழ வேண்டும் என்று சொல்லும் பூட் சிஸ்டம் வரி எந்தப் பெயரைக் காட்டுகிறது என்றும் பார்த்தோம். ராத்திரி ஆள் இல்லாத நேரத்தில் ரீலோட். இரண்டாவது ரவுட்டரில் போட்ட டிஎஃப்டிபி வரியை எடுத்துவிடச் சொல்லவும் மறக்கவில்லை, கேட்பவர்களுக்கெல்லாம் கோப்பைக் கொடுத்துக்கொண்டு ஒரு ரவுட்டர் சும்மா நிற்கக் கூடாது.

* * *

அண்ணா, உங்களுக்கு வந்த மாதிரி முன்கூட்டியே போன் எனக்கு வரவில்லை. என்னைக் கூப்பிட்டபோது ரீலோட் கொடுத்து முடித்திருந்தார்கள். கன்சோலில் ஃபிளாஷைத் திறக்க முடியவில்லை என்று ஒரு வரி, அடியில் ரோம்மான் 1 என்று ப்ராம்ப்ட். வயிற்றில் புளியைக் கரைத்தது. ஆனால் அந்த நிலையிலும் ரவுட்டர் செத்துவிடவில்லை என்பதைத்தான் இங்கே சொல்ல வந்தேன்.

ரோம்மான் என்பது ரவுட்டரின் பூட் ரோமில் இருக்கும் சின்ன நிரல். எரேஸ் ஃபிளாஷ் கட்டளை அதைத் தொடாது. ஐஓஎஸ் இல்லாவிட்டாலும் கன்சோலில் பேசும், ஒரே ஒரு நெட்வொர்க் போர்ட்டையும் இயக்கும். என் கையில் இருந்தது 2900 வரிசை, அதில் கிகாபிட் 0/0. கேபிளை வேறு போர்ட்டில் செருகிவிட்டு நெட்வொர்க் வரவில்லையே என்று தவிப்பவர்கள் நிறைய.

ஐந்து மதிப்புகள் கொடுக்க வேண்டும்: ரவுட்டருக்கான ஐபி முகவரி, சப்நெட் மாஸ்க், டீஃபால்ட் கேட்வே, டிஎஃப்டிபி சர்வரின் முகவரி, கோப்பின் பெயர். மாறிகளின் பெயர்கள் முழுக்கப் பெரிய எழுத்தில், சொற்களுக்கு நடுவில் அடிக்கோடு, சமக்குறிக்கு இரண்டு பக்கமும் இடைவெளி கிடையாது. ஒரு எழுத்து சின்னதாகப் போனாலும் ரோம்மான் குறை சொல்லாது, நீங்கள் கொடுத்ததை வேறொரு மாறியாக எடுத்துக்கொண்டு பேசாமல் இருந்துவிடும். செட் என்று தட்டி ஒருமுறை எல்லாவற்றையும் பார்த்துவிடுங்கள். லேப்டாப்பும் ரவுட்டரும் ஒரே சப்நெட்டில் நேராக இணைந்திருந்தாலும் கேட்வே கேட்கும், லேப்டாப்பின் முகவரியையே கொடுத்தால் போதும்.

பிறகு இறக்கும் கட்டளை, டிஎஃப்டிபிடிஎன்எல்டி. அப்படியே கொடுத்தால் ஃபிளாஷில் உள்ள எல்லாம் அழியும் என்று எச்சரித்துவிட்டு நேராக ஃபிளாஷில் எழுதும். கூடவே 'மைனஸ் ஆர்' சேர்த்தால் ஃபிளாஷைத் தொடாமல் இமேஜை ராமில் ஏற்றி அங்கிருந்தே பூட் செய்யும். நான் எப்போதும் இரண்டாவது வழிதான். முழு ஐஓஎஸ் வந்துவிட்ட பிறகு நிதானமாக ஃபிளாஷைப் பார்த்து, வழக்கமான காப்பி கட்டளையில் எழுதிக்கொள்ளலாம். இமேஜ் கெட்டிருந்தாலும் ராமோடு போகும்.

எனக்கு அன்று ரொம்ப நேரத்தைத் தின்றது வேறொன்று. லேப்டாப்பின் ஃபயர்வாலை அணைத்தாகிவிட்டது, வைஃபையை அணைத்தாகிவிட்டது, ஆச்சரியக்குறிகள் வருகின்றன. கொஞ்ச தூரம் போய் நிற்கிறது. மறுபடி கொடுத்தால் மறுபடி போகிறது, நிற்கிறது. கேபிளை மாற்றினேன், லேப்டாப்பையே மாற்றினேன். பிறகுதான் சர்வர் நிரலின் லாக்கில் கவனித்தேன், ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நின்றிருக்கிறது: 32 எம்பியை ஒட்டி.

டிஎஃப்டிபி பழைய நெறிமுறை. இன்றும் அடிப்படையாக இருக்கும் ஆர்எஃப்சி 1350 என்ற வரையறை வந்தது 1992இல். ஒரு பிளாக்குக்கு 512 பைட், பிளாக் எண்ணுக்கு 16 பிட். 65,535 பிளாக்குக்கு மேல் எண்ண முடியாது. பெருக்கிப் பாருங்கள், 3,35,53,920 பைட். அதற்கு மேல் போக வேண்டுமானால் எண் சுற்றி மறுபடி சுழியத்துக்கு வர இரண்டு பக்கமும் சம்மதிக்க வேண்டும், அல்லது பிளாக் அளவைப் பெரிதாக்கப் பேசிக்கொள்ள வேண்டும். 2900க்கான இமேஜ் அந்த எல்லையைவிட ரொம்பப் பெரியது, என் லேப்டாப்பில் இருந்த சர்வர் நிரலோ காலம் போன சரக்கு. புதிய நிரல் ஒன்றைப் போட்டதும் ஒரே மூச்சில் இறங்கியது. கோப்பு ஒரே இடத்தில் நின்றுகொண்டிருந்தால் கேபிளைச் சந்தேகப்படாதீர்கள், கேபிள் கோளாறு அப்படி நேரம் பார்த்து வராது.

இன்னொன்று, இந்த வரிசையில் யுஎஸ்பி போர்ட் இருக்கிறது. ஃபேட் முறையில் ஃபார்மேட் செய்த பென் டிரைவில் இமேஜைப் போட்டுச் செருகி, பூட் யுஎஸ்பிஃபிளாஷ்0 என்று கோப்பின் பெயரோடு கொடுத்தால் நேராக எழுந்துவிடும். காம்பாக்ட் ஃபிளாஷ் கார்டையே கழற்றி கார்டு ரீடரில் போட்டுக் கோப்பை எழுதியவர்களும் இருக்கிறார்கள். அன்று நான் போன இடத்தில் பென் டிரைவ் கொண்டுபோக அனுமதி இல்லை, அதனால்தான் இவ்வளவு பாடு.

* * *

ரவுட்டர் இல்லை, சுவிட்ச். ஆனால் இதே குடும்பத்துக் கதை என்பதால் எழுதுகிறேன்.

பழைய சிஸ்கோ கேட்டலிஸ்ட் சுவிட்ச் ஒன்று, ஃபிளாஷ் ஃபார்மேட் ஆகி 'சுவிட்ச்:' என்ற ப்ராம்ப்டில் நின்றது. நான் பார்த்த அந்த மாடலின் பூட் லோடரில் (இயங்குதளத்தை ஏற்றும் சின்ன நிரல்) நெட்வொர்க் வழியே இறக்க வழி இல்லை. கன்சோல் கேபிள் ஒன்றே கதி, அதன் வழியே கோப்பு அனுப்பும் எக்ஸ்மோடம் முறை.

கன்சோல் வேகம் வினாடிக்கு 9600 பிட். ஒரு பைட்டுக்கு முன்னும் பின்னும் சேர்த்து 10 பிட், ஆக வினாடிக்கு 960 பைட்தான். 8 எம்பி இமேஜ் என்றாலே இரண்டேகால் மணி நேரத்துக்கு மேல். அதனால் முதலில் ஃபிளாஷ் இனிட் கொடுத்துவிட்டு, வேகத்தைக் குறிக்கும் பாட் என்ற மாறியை 115200 ஆக்க வேண்டும். என்டர் தட்டியதும் திரையில் குப்பை எழுத்துகள் வரும். பயப்பட வேண்டாம், சுவிட்ச் வேகம் மாறிவிட்டது, உங்கள் டெர்மினல் இன்னும் பழைய வேகத்தில் நிற்கிறது, அவ்வளவுதான். டெர்மினலையும் 115200க்கு மாற்றினால் ப்ராம்ப்ட் தெளிவாகிவிடும். இப்போது அதே கோப்பு கால் மணி நேரத்துக்குள் போய்ச் சேரும். முடிந்ததும் அந்த மாறியை அன்செட் செய்யுங்கள். இல்லையென்றால் அடுத்து வருபவர் 9600இல் கேபிளைச் செருகிவிட்டு, கன்சோலே போய்விட்டது என்று நினைப்பார்.

கோப்பு போய்க்கொண்டிருக்கும்போது லேப்டாப் தூங்கப் போகாதபடி செட்டிங்கை மாற்றி வையுங்கள். என்னோடு வந்தவர் அதைச் செய்யாமல் வெளியே போய்விட்டார், திரும்பி வந்தபோது திரை இருட்டு. எக்ஸ்மோடத்தில் விட்ட இடத்திலிருந்து தொடர வழி இல்லை, முதலிலிருந்துதான்.

* * *

நீங்கள் எல்லோரும் அலுவலகக் கருவிகளைப் பற்றிப் பேசுகிறீர்கள். என்னிடம் வருவது வீட்டு ரவுட்டர்கள். ஓப்பன்டபிள்யூஆர்டி (ரவுட்டர்களுக்கான திறந்த மூல இயங்குதளம்) போட ஆசைப்பட்டு, தவறான பார்ட்டிஷனை அழித்துவிட்டு வருவார்கள். அங்கே கதை இன்னும் நுட்பமானது, ஏனென்றால் பல மாடல்களில் பூட் லோடர், இயங்குதளம், செட்டிங், ரேடியோ தகவல் எல்லாம் ஒரே ஃபிளாஷ் சிப்பில் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கும். தனியாக ஒரு ரோம் உங்களைக் காப்பாற்ற இருக்காது.

பூட் லோடர் பிழைத்திருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. ரீசெட் பொத்தானை அழுத்திக்கொண்டே பவர் போட்டால் பல மாடல்கள் மீட்பு நிலைக்குப் போகும். அந்த நிலையில் சில மாடல்கள் தாங்களே போய் ஒரு குறிப்பிட்ட முகவரியில், குறிப்பிட்ட பெயருள்ள கோப்பைத் தேடும். சில டிபி-லிங்க் மாடல்கள் 192.168.0.66 என்ற முகவரியில் டிஎஃப்டிபி சர்வர் இருக்கும் என்று எதிர்பார்க்கும். லேப்டாப்புக்கு அந்த முகவரியைக் கொடுத்து, அது கேட்கும் பெயரில் கோப்பை வைத்தால் தானே எடுத்துக்கொண்டு எழுதிக்கொள்ளும். கோப்பு நல்லதாக இருந்தும் பெயரில் ஒரு எழுத்து பிசகினால் ஒன்றும் நடக்காது. எந்தப் பெயரைக் கேட்கிறது என்று தெரியாவிட்டால் நெட்வொர்க்கில் போவதைக் காட்டும் வயர்ஷார்க்கை ஓட்டிப் பாருங்கள், ரவுட்டர் அனுப்பும் கோரிக்கையிலேயே பெயர் இருக்கும். மைக்ரோடிக் ரவுட்டர்களுக்கு இதற்கென்றே நெட்இன்ஸ்டால் என்ற நிரல் இருக்கிறது, அதுவும் நன்றாகவே வேலை செய்கிறது. லைசென்ஸ் போய்விடுமோ என்று அஞ்ச வேண்டாம், அவர்களின் ரவுட்டர்போர்டு கருவிகளில் அது நெட்இன்ஸ்டாலுக்குப் பிறகும் இருக்கும்.

எனக்கு மனது கனத்துப்போகிற நேரம், ஏஆர்டி என்ற பார்ட்டிஷனையும் சேர்த்து அழித்துவிட்டு ஒருவர் வரும்போதுதான். ஆதெரோஸ் சிப் உள்ள ரவுட்டர்களில் இருக்கும் சின்னப் பகுதி அது. அந்த ஒரு பலகைக்கென்று தொழிற்சாலையில் அளந்து எழுதிய ரேடியோ அளவீடுகள் அதில் இருக்கும், பல மாடல்களில் மேக் முகவரியும். மேக் முகவரியை அடியில் ஒட்டியிருக்கும் லேபிளைப் பார்த்து எழுதிவிடலாம். அளவீட்டை எங்கிருந்தும் இறக்க முடியாது, எந்த ஃபர்ம்வேர் கோப்பிலும் அது இருக்காது. அதே மாடல் இன்னொன்றிலிருந்து எடுத்துப் போட்டு வைஃபையை எழுப்பியிருக்கிறேன். எழும், ஆனால் அது வேறொரு பலகைக்கு எடுத்த அளவு. நான் போட்டுப் பார்த்த ரவுட்டரில் தூரம் குறைந்துதான் போனது. அதனால் புதிய ஃபர்ம்வேர் எதையும் போடும் முன், ப்ராக் எம்டிடி என்ற கோப்பில் பார்ட்டிஷன் பட்டியலைப் பார்த்து, ஏஆர்டியை மட்டுமாவது ஒரு கோப்பாக எடுத்து வெளியே வைத்துவிடுங்கள். 64 கேபிதான் இருக்கும் பெரும்பாலும்.

பூட் லோடரும் போனால் மூடியைக் கழற்ற வேண்டியதுதான். எட்டுக் கால் எஸ்பிஐ ஃபிளாஷ் சிப்பாக இருந்தால் கிளிப் மாட்டி புரோகிராமரால் எழுதலாம். சிப் 3.3 வோல்ட்டா என்று டேட்டாஷீட்டில் பார்க்காமல் மாட்டாதீர்கள். மலிவு புரோகிராமர் போர்டுகள் சில, சிக்னல் கம்பிகளில் 5 வோல்ட் அனுப்பும். சீரியல் கன்சோல் பின்களுக்கும் இதே பேச்சுதான்: டிஎக்ஸ், ஆர்எக்ஸ், கிரவுண்ட் மூன்றையும் மட்டும் இணையுங்கள், நான்காவதாக இருக்கும் விசிசி என்ற மின்சார பின்னை விட்டுவிடுங்கள்.

* * *

முதலில் எழுதிய அண்ணனிடம் ஒரு கேள்வி. எரேஸ் கொடுக்காமல் டெலீட் மட்டும் கொடுத்திருந்தால் திரும்ப எடுக்க முடியுமா? எங்கள் இடத்தில் ஒருவர் பழைய இமேஜை டெலீட் செய்துவிட்டுப் புதியதைப் போடுவதற்குள் வேறு வேலை வந்து போய்விட்டார். ரவுட்டர் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

* * *

தம்பி, மாடலைப் பொறுத்தது. சில பழைய ஃபிளாஷ் அமைப்புகளில் டெலீட் என்பது அழிந்ததாகக் குறி வைப்பது மட்டும்தான். டிர் கட்டளையில் 'ஆல்' சேர்த்துப் பார்த்தால் அந்தக் கோப்பும் பட்டியலில் தெரியும், பக்கத்தில் ஒரு எண் இருக்கும். அந்த எண்ணை வைத்து அன்டெலீட் கொடுத்தால் திரும்பி வரும், இடையில் யாரும் ஸ்க்வீஸ் (குறி வைத்த கோப்புகளை நிரந்தரமாக நீக்கும் கட்டளை) கொடுக்காமல் இருந்திருந்தால். 2800, 2900 போன்றவற்றில் ஃபேட் அமைப்பு, அங்கே அன்டெலீட் கிடையாது, புதிதாகத்தான் இறக்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கிறது என்று சொன்னீர்களே, அது போதும். ஷோ வெர்ஷனில் பெயரைப் பாருங்கள், அதே இமேஜை இறக்குங்கள், எம்டி5 ஒப்பிடுங்கள்.

இமேஜ் வந்த பிறகும் ரீலோட் கொடுத்தால் மறுபடி ரோம்மானிலேயே நிற்கிறது என்று பலர் தவித்திருக்கிறார்கள். பெரும்பாலும் இமேஜில் கோளாறு இருக்காது. மீட்கும்போது யாராவது, ரவுட்டர் எப்படி பூட் ஆக வேண்டும் என்று சொல்லும் கான்ஃபிக் ரிஜிஸ்டர் எண்ணை மாற்றியிருப்பார்கள். ஹெக்ஸ் 2100 என்றால் ரோம்மானில் நில் என்றுதான் பொருள், நல்ல இமேஜ் இருந்தாலும் அது தானாக பூட் ஆகாது. 2142 என்றால் ஐஓஎஸ் ஏறும், ஆனால் என்விராமில் உள்ள கான்ஃபிகைப் படிக்காமல் வெறுமையாக எழும். அதைப் பார்த்து கான்ஃபிகும் போய்விட்டது என்று நினைத்து ரைட் (சேமிக்கும் கட்டளை) கொடுத்துவிட்டால், உண்மையாகவே போய்விடும். வழக்கமாக இருக்க வேண்டியது 2102. ஷோ வெர்ஷனின் கடைசி வரியில் அது இருக்கும், யாராவது மாற்றியிருந்தால் அடுத்த ரீலோடில் என்னவாகும் என்பதும் அங்கேயே அடைப்புக்குறிக்குள் எழுதியிருக்கும். அந்த வரியைப் படித்துவிட்டு ரீலோட் கொடுங்கள். முடிந்ததும் எந்த மாடல், என்ன ஆயிற்று என்று இங்கே எழுதுங்கள்.